ரயிலா, வாடகைக் காரா? இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் பட்ட பாடு

சென்னையில் உட்கார்ந்து ஐரோப்பாவுக்குத் திட்டம் போடும்போது கார் வாடகை மலிவாகத்தான் தெரியும். மிலானில் ஒரு சின்னக் கார் நாளைக்கு 40 யூரோ என்று போட்டிருக்கும். யூரோவை நூறு ரூபாயாக வைத்துக்கொண்டால் நாலாயிரம். மிலானிலிருந்து ரோமுக்கு அதிவேக ரயிலில் ஆளுக்கே 50, 60 யூரோ ஆகிறது. நாலு பெரியவர்கள், ஒரு குழந்தை என்றால் கார்தானே லாபம் என்று யாருக்கும் தோன்றும். "அக்கா, இத்தனை பெட்டியைத் தூக்கிக்கிட்டு பிளாட்ஃபார்ம் பிளாட்ஃபார்மா யாரு ஓடுறது, பேசாம காரை எடுத்துடுங்க" என்று என் தம்பியும் சொன்னான். இத்தாலிக்குக் கார், சுவிட்சர்லாந்துக்கு ரயில் என்று முடிவானது. 280 யூரோ என்று பார்த்து எடுத்த கார், ஊர் திரும்பி மாதக்கணக்கில் வந்த பில்களையும் சேர்த்தால் 1,100 யூரோவைத் தாண்டிவிட்டது. ஒரு லட்சத்துக்கு மேல். இந்தப் பணம் எந்தெந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பதை முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அன்று நினைத்த நினைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதங்கள். இத்தாலியில் நம் ஊர் லைசன்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். ஐடிபி என்பார்கள். பரிவாகன் சாரதி தளத்தில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட், விசா, லைசன்ஸ் நகல்களோடு உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் ஆயிரம் ரூபாய், ஒரு வருடம் செல்லும். விசா கைக்கு வந்த பிறகு விண்ணப்பிக்கவே நாள் சரியாக இருக்கும், அதனால் விசா வந்த மறுநாளே இதைத் தொடங்கிவிடுங்கள். டாலரில் பணம் வாங்கிக்கொண்டு "இன்டர்நேஷனல் லைசன்ஸ்" அனுப்பும் இணையதளங்கள் பக்கம் போகாதீர்கள், அரசு கொடுக்காத சீட்டுக்கு அங்கே மதிப்பில்லை. சில கவுண்டரில் ஐடிபியைக் கேட்காமலேயே சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. வழியில் போலீஸ் நிறுத்தினாலோ, விபத்தாகி இன்சூரன்ஸ்காரர் கேட்டாலோ அப்போது அந்தச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தலைவலி நம் பெயர்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு லைசன்ஸில் இனிஷியல் ஒரு பக்கம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேம், கிரெடிட் கார்டில் வங்கிக்காரர் இஷ்டத்துக்கு அச்சடித்த இன்னொரு வடிவம். கவுண்டரில் இருப்பவர் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்ப்பார். இனிஷியல் என்ற ஏற்பாடே அவருக்குத் தெரியாது. கார் முன்பதிவைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி செய்யுங்கள். கிரெடிட் கார்டில் பெயரை மாற்ற வங்கியில் ஒரு விண்ணப்பம் போதும், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

அந்த கிரெடிட் கார்டு யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதில்தான் எங்களுக்கு முதல் அடி. ஐடிபி என் கணவர் பெயரில், பெரிய லிமிட் உள்ள கார்டு என் பெயரில். கார் ஓட்டுபவர் பெயரில்தான் கார்டு இருக்க வேண்டும், டெபிட் கார்டும் வேண்டாம், ஃபோரெக்ஸ் கார்டும் வேண்டாம் என்று கவுண்டரில் ஒரே பிடியாக நின்றார்கள். அம்மாவும் மாமனாரும் பெட்டிகளோடு நாற்காலியில், குழந்தை தூக்கத்துக்கு அழுகிறது, இரவு முழுக்க விமானத்தில் வந்த களைப்பு வேறு. கணவரிடம் இருந்த சின்ன லிமிட் கார்டில் டெபாசிட் தொகை ஏறவில்லை. அப்போதுதான் கவுண்டர் பெண் சொன்னார்: எங்கள் முழு இன்சூரன்ஸை எடுத்துக்கொண்டால் டெபாசிட் 300 யூரோவாகக் குறையும். நாளைக்கு 35 யூரோ. கார் வாடகைக்குச் சமமாக இன்சூரன்ஸ்! வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டோம். கையில் பணம் இருந்தும் ஏதோ பிச்சைக்கு நிற்பது போன்ற அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

இந்த இடத்தில் கணக்கு எப்படி ஓடுகிறது என்று விளக்கிவிடுகிறேன், பலருக்கும் குழப்பம் இங்கேதான். வாடகையோடு வரும் அடிப்படைக் காப்பீட்டில் "எக்ஸஸ்" என்று ஒன்று உண்டு. காருக்கு அடிபட்டால் அந்தத் தொகை வரை நம் பொறுப்பு. சின்னக் காருக்கே 1,000 முதல் 2,500 யூரோ வரை இருக்கும். அதைத்தான் கார்டில் டெபாசிட்டாகப் பிடித்து வைக்கிறார்கள். பிடித்து வைத்த பணம் திரும்பி வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை அந்த லிமிட்டை நீங்கள் தொட முடியாது. முன்பதிவுத் தளத்தில் "முழு பாதுகாப்பு" என்று இன்னொரு காப்பீட்டை மலிவாக விற்பார்கள். அது டெபாசிட்டைக் குறைக்காது. அடிபட்டால் முதலில் கார் கம்பெனிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும், பிறகு ரசீதுகளை அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கார்டில் போதிய லிமிட் இருப்பவர்களுக்கு அது நல்ல பேரம். எங்களுக்கு அது 60 யூரோ வீண் செலவாகிப் போனது, ஏனென்றால் கவுண்டரில் இன்னொன்றை வாங்க வேண்டி வந்தது. ஆகவே புறப்படும் முன் ஓட்டுபவர் பெயர் அச்சிட்ட கிரெடிட் கார்டு, டெபாசிட்டுக்கு மேல் இன்னும் ஒரு லட்ச ரூபாயாவது மிச்சமிருக்கும் லிமிட், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருப்பது, இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் ஒருவர் கார்டில்தான் லிமிட் என்றால் ஓட்டுபவருக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கிவிடலாம். கார்டு மெஷினில் "ரூபாயில் கட்டுகிறீர்களா" என்று கேட்டால் வேண்டாம், யூரோவிலேயே போடச் சொல்லுங்கள். ரூபாய்க்கு அவர்கள் மாற்றிக் கொடுக்கும் விகிதம் நம் வங்கி விகிதத்தைவிட மோசமாகத்தான் இருக்கும்.

சாவி கைக்கு வந்ததும் அடுத்த பிரச்சினை டிக்கி. "5 சீட்" என்றால் ஐந்து பேர் உட்காரலாம், அவர்கள் பெட்டியும் ஏறும் என்று அர்த்தமில்லை. நாம் ஆளுக்கு 23 கிலோ பெட்டி கட்டிப் பழகியவர்கள். சின்னக் காரின் டிக்கியில் பெரிய பெட்டி இரண்டு வைத்தால் மூடி இறங்காது. முன்பதிவுப் பக்கத்தில் பெட்டிப் படத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். நாலு பெரியவர்களுக்கு எஸ்டேட் வகையையோ மினிவேனையோ பாருங்கள், அப்போது வாடகையும் இரட்டிப்பாகும். ஐரோப்பாவில் சொல்லாவிட்டால் கியர் வண்டிதான் வரும். வலப்பக்கச் சாலையில், இடப்பக்க ஸ்டீயரிங்கில், வலது கையால் கியர் மாற்றுவது முதல் நாளே வேண்டாத வேலை, கூடுதல் கொடுத்தாவது ஆட்டோமேட்டிக் எடுங்கள். இத்தாலியில் 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், வாடகைக்கு எடுத்தால் நாளைக்குப் பத்து யூரோ அளவில் ஆகும். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

காரை எடுக்கும்போதும் விடும்போதும் படம் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். எதைப் படம் எடுப்பது என்பதுதான் விஷயம். நாலு சக்கரத்தின் ரிம், முன்பம்பரின் அடிப்பகுதி, கண்ணாடி, கூரை, டிக்கி விளிம்பு. சண்டை வருவது இங்கேதான், ஏனென்றால் டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றும் பெரும்பாலான அடிப்படைக் காப்பீட்டில் சேராது. மைலேஜும் பெட்ரோல் முள்ளும் தெரியும்படி டாஷ்போர்டை ஒரு வீடியோ. பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருப்பதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் ஈ5 அல்லது ஈ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். அதே வட்டமும் சதுரமும் பம்பின் குழாய்ப் பிடியிலும் இருக்கும், பொருத்திப் பார்த்தால் போதும். இத்தாலியில் டீசலுக்கு "கசோலியோ" என்று எழுதியிருப்பதைப் பார்த்து பெட்ரோல் என்று எடுத்துவிட வாய்ப்புண்டு, மாற்றிப் போட்டால் எந்தக் காப்பீடும் உதவாது. ஆளில்லாத பம்பில் கார்டைச் செருகியதும் 100 யூரோவுக்கு மேல் பிடித்து வைத்து, பிறகு போட்ட அளவுக்கு மட்டும் எடுக்கும். ஏற்கெனவே டெபாசிட்டில் லிமிட் தீர்ந்திருந்தால் இங்கேயும் கார்டு மறுக்கப்படும், ரொக்கம் கொஞ்சம் வைத்திருங்கள்.

சாலையில் ஓட்டுவது நினைத்ததைவிடச் சுலபம், நெடுஞ்சாலை வரை. ரவுண்டானாவில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும். பெட்ரோல் போட்டுவிட்டுக் காலியான சாலையில் ஏறும்போதுதான் பழக்கத்தில் இடப்பக்கம் போய்விடுவோம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த நேரம் குரல் கொடுக்க வேண்டும். டோல் கேட்டில் மஞ்சள் பலகை வழியில் நுழையக் கூடாது, அது நம் ஃபாஸ்டேக் மாதிரி டெலிபாஸ் கருவி வைத்திருப்பவர்களுக்கு. காசும் கையும் படம் போட்ட வெள்ளைப் பலகை ரொக்கத்துக்கு, நீலம் கார்டுக்கு. கார்டு வேலை செய்யாவிட்டால் பின்னால் எடுக்கவே கூடாது, உதவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு அச்சாகி வரும், 15 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிடலாம். மிலானுக்கு வடக்கே ஏ36 சாலையில் கேட்டே கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும், நாமாகத்தான் தேடிப்போய் 15 நாளுக்குள் கட்ட வேண்டும். ஆட்டோஸ்ட்ராடா எனும் டோல் நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. பல இடங்களில் இரண்டு கேமராவுக்கு இடையிலான சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள், கேமராவைப் பார்த்து பிரேக் போட்டுப் பயனில்லை.

இனி இசட்டிஎல் (ZTL), அதாவது வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி. வாடகைக் காருக்கு இத்தாலியில் இதைவிடப் பெரிய கண்ணி இல்லை. ஃபிளாரன்ஸ், ரோம், பீசா, பொலோன்யா என்று ஏறக்குறைய எல்லாப் பழைய ஊர்களிலும் நடு ஊருக்குள் வெளிக் கார்கள் நுழையத் தடை உண்டு. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம், பக்கத்தில் ஒரு மின்பலகை, மேலே கேமரா. தடுப்பு எதுவும் கிடையாது, தாராளமாக உள்ளே போகலாம், அபராதம் பின்னால் வரும். பலகையில் "வார்கோ அத்தீவோ" என்று எரிந்தால் தடை அமலில் இருக்கிறது, நுழையக் கூடாது. "ஆக்டிவ்" என்று படித்து, திறந்திருக்கிறது போல என்று புரிந்துகொண்டு உள்ளே போகிறவர்கள் ஏராளம். ரங்கநாதன் தெருவுக்குள் கார் விட்ட மாதிரி ஒரு சந்துக்குள் மாட்டிக்கொண்டு, பின்னால் நாலு ஸ்கூட்டர் நிற்கும்போது பலகையைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? டஸ்கனியில் ஒரு ஊரில் ஹோட்டல்காரர் "வாசல் வரை வரலாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று போனில் சொன்னார். வரைபட ஆப் காட்டிய வழியில் போனோம், இரண்டு கேமராவைக் கடந்தோம், இரண்டுக்கும் தனித்தனி அபராதம் வந்தது. நம்பர் பிளேட்டை அவர்கள் பதிவு செய்யவே இல்லை. ஊருக்குள் ஹோட்டல் எடுத்தால் நம்பர் பிளேட்டை மெயிலில் அனுப்பி, பதிவு செய்துவிட்டதாக எழுத்தில் பதில் வாங்குங்கள், எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு டாக்ஸியில் போங்கள். நிறுத்தும் இடத்தில் தரையில் வெள்ளைக் கோடு என்றால் இலவசம், நீலம் என்றால் கட்டணம், மஞ்சள் என்றால் நமக்கில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் ரயிலா காரா என்று மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து யோசிப்பதில்லை. ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறோம் என்று ஒரு தாளில் எழுதி, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே தனித்தனியாகக் கணக்குப் போடுகிறேன். மிலானிலிருந்து ரோம் 570 கிலோமீட்டர் சொச்சம். காரில் ஆறு மணி நேரம், டோல் 40 யூரோவுக்கு மேல், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 38 லிட்டர் பெட்ரோல். போய்ச் சேர்ந்த பிறகு ரோமில் அந்தக் காரை ஓட்ட முடியாது, தினமும் நிறுத்தக் காசு வேறு. அதிவேக ரயில் மூன்று மணி நேரம் சொச்சத்தில் ஊர் நடுவே இறக்கிவிடும். பெரிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் நடுவே கார் என்றைக்கும் நஷ்டம்தான், தலை எண்ணிக்கை எத்தனை ஆனாலும். ஆனால் பியென்சா, மோன்டல்சினோ இருக்கும் வால் டோர்சியாவின் குன்றுகளுக்கு ரயிலில் போகப் பார்த்தால் ஒரு நாளில் ஒரு ஊர்தான் பார்க்கலாம். அங்கே கார் வேண்டும், ஆசைப்பட்ட இடத்தில் நிறுத்தி, தயிர் சாதத்தைப் பிரித்துச் சாப்பிடவும் வேண்டும். ஆக, ஃபிளாரன்ஸை நடந்து பார்த்து முடித்துவிட்டு, கிளம்பும் நாளில் காரை எடுங்கள். எடுப்பதும் விடுவதும் ஊருக்குள் உள்ள அலுவலகத்தில் வேண்டாம், விமான நிலையத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது இசட்டிஎல்லுக்கு வெளியே, ஊரிலிருந்து டி2 டிராமில் இருபது நிமிடம். ஒர்வியேட்டோ போன்ற சிறு ஊர் ஸ்டேஷன் அருகேயும் கார் கிடைக்கும், ஆனால் சிறு ஊர் அலுவலகங்கள் மதியம் மூடிவிடும், ஞாயிறு திறப்பதே அரிது, நேரத்தைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அதற்கான கட்டணமே பல நூறு யூரோ.

ரயில் டிக்கெட் விஷயத்தில் நம் ரயில்வே பழக்கம் உதவாது. வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது, ஆனால் அதிவேக ரயில்களில் விலை நாள் நெருங்க நெருங்க ஏறும். இரண்டு மாதம் முன்னால் முப்பது, நாற்பது யூரோவுக்குக் கிடைப்பது அன்றைய தினம் தொண்ணூறைத் தாண்டும். இன்னொரு பக்கம், மலிவு டிக்கெட்டுகளில் பலவற்றுக்கு ரீஃபண்ட் இல்லை. விசா கைக்கு வரும் முன் அவற்றை வாங்க வேண்டாம், சென்னையில் ஏப்ரல், மே சீசனில் விசா அப்பாயின்ட்மென்ட்டே இழுத்தடிக்கும். இத்தாலி அரசு ரயில் நிறுவனமான ட்ரெனிதாலியாவில் 15 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பெரியவரோடு இலவசமாக அழைத்துப்போகும் "பிம்பி கிராத்திஸ்" சலுகை இருக்கிறது, முன்பதிவு செய்யும்போது நாமே தேர்ந்தெடுத்தால்தான் வரும். உள்ளூர் ரயில்களுக்கு விலை மாறாது, முன்பதிவும் வேண்டாம். ஆனால் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் பிளாட்ஃபார்மில் உள்ள பெட்டியில் நுழைத்து முத்திரை வாங்க வேண்டும், செல்போன் டிக்கெட் என்றால் அதில் உள்ள செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் உட்கார்ந்தால் டிக்கெட் வாங்கியும் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், நாளை முன்பே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது, அந்த நேரத்தைப் பிடியுங்கள். மிலான் சென்ட்ரலில் டிக்கெட் மெஷின் பக்கத்தில் வந்து "உதவி" செய்கிறவர்களை அண்டவிடாதீர்கள்.

சுவிட்சர்லாந்தில் காரை நினைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஜெர்மாட்டுக்குக் காரில் போக முடியாது, டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில்தான் ஏற வேண்டும். வெங்கன், மூரன் இரண்டும் அப்படியே. நெடுஞ்சாலையில் ஏற விக்னெட் என்ற 40 ஃபிராங்க் கட்டண வில்லை வேண்டும், இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், அதற்கு மேல் விக்னெட்டும் வாங்க வேண்டும். அங்கே எடுத்த வாடகைக் காரில் அது ஒட்டியிருக்கும், இத்தாலியில் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினால் இருக்காது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேக வரம்பில் ஐந்து கிலோமீட்டர் கூடினாலே 40 ஃபிராங்க் அபராதம். ரயிலோ, அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற அளவுக்கு ஒழுங்கு. ஸ்விஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கிறது, ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அதில் அடக்கம். 6 முதல் 15 வயதுக் குழந்தைக்கு ஃபேமிலி கார்டு இலவசம், ஆனால் அம்மா அல்லது அப்பா கூடவே இருக்க வேண்டும். தாத்தா பாட்டியோடு மட்டும் அனுப்பினால் செல்லாது. யுங்ஃப்ராவ்யோக் போன்ற உச்சி ரயில்களில் ஒரு பகுதிக்குத் தள்ளுபடிதான், முழு இலவசம் இல்லை. மலைக் காட்சிக்கென்றே ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸுக்கும் பெர்னினா எக்ஸ்பிரஸுக்கும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. பெர்னினாவில் அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலில் ஏறினால் அந்தக் கட்டணம் இல்லை, ஜன்னலையும் திறந்துகொள்ளலாம். மிலானிலிருந்து வரும் சர்வதேச ரயிலில் இருக்கை முன்பதிவு கட்டாயம், பாஸ் எல்லை வரைதான் செல்லும், இத்தாலிப் பகுதிக்குத் தனி டிக்கெட். இரண்டடுக்கு இன்டர்சிட்டி ரயில்களில் குழந்தைகளுக்கென்று மாடியில் சறுக்குமரத்தோடு ஒரு பெட்டி இருக்கும், எங்கள் பிள்ளை அங்கிருந்து இறங்கவே மறுத்துவிட்டாள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு ரயில் என்றால் பெட்டிதான் பிரச்சினை. ஆறு, எட்டு நிமிடத்தில் ரயில் மாற வேண்டியிருக்கும். அம்மாவைப் படியேற்றுவதா, பெட்டியைத் தூக்குவதா? முடிந்தவரை மாறாத ரயிலாகப் பாருங்கள், பத்து நிமிடத்துக்குக் குறைந்த மாற்றத்தை ஆப்பில் தவிர்த்து அடுத்த ரயிலைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்கு ஒரு கேபின் பெட்டி, ஒரு தோள்பை, அவ்வளவே. ஜப்பான் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: டோக்கியோ, கியோட்டோ வழி ஓடும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் 1,000 யென். வீட்டிலேயே டேப் வைத்து அளந்து பாருங்கள், நம் பெரிய பெட்டிகள் அந்தக் கோட்டில்தான் நிற்கும். அங்கே ஜேஆர் பாஸ் என்ற ரயில் பாஸிலும் பழைய லாபமில்லை. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. டோக்கியோ, கியோட்டோ ஒரு வழி 14,000 யென் அளவில், போய்வந்தால்கூட பாஸ் விலையைத் தொடாது. நியூசிலாந்தின் தெற்குத் தீவு, ஸ்காட்லாந்து மலைப்பகுதி போன்ற இடங்களில் தயங்காமல் கார் எடுங்கள், இரண்டிலும் சாலை நம்மூர் போல இடப்பக்கம். ஐஸ்லாந்தில் ரயிலே கிடையாது, ஆனால் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.

கடைசியாக, ஊர் திரும்பிய பிறகு வருவது. டெபாசிட் திரும்பி வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று இருக்கும்போது கார்டில் இரண்டு தடவை நாற்பது சொச்சம் யூரோ பிடித்தார்கள். என்ன ஏது என்று தெரியாமல் அன்று இரவு தூக்கமே இல்லை. அது அபராதம் இல்லை. ஓட்டியவர் யார் என்று போலீசுக்குச் சொன்னதற்குக் கார் கம்பெனி எடுத்துக்கொள்ளும் நிர்வாகக் கட்டணம், ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். உண்மையான அபராதம் அதற்குப் பிறகு தபாலில் வரும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. இசட்டிஎல் அபராதம் 83 யூரோவில் தொடங்கும், தபால் செலவு சேரும், கையில் கிடைத்து ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். எனவே கடிதத்தை ஒரு வாரம் மேசையில் போட்டு வைக்காதீர்கள். வீடு மாறினால் பழைய முகவரிக்கு வரும் பதிவுத் தபாலைப் பார்க்க யாரிடமாவது சொல்லி வையுங்கள். கடிதத்தில் நாள், நேரம், தெரு, நம்பர் பிளேட் நான்கும் இருக்கும். கார் உங்கள் கையில் இருந்த நேரத்தோடு அவை ஒத்துப்போகிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும், கட்டிய ரசீதை அச்செடுத்து வையுங்கள். அந்த ஒப்பந்தம், கார் விட்டபோது வாங்கிய சீட்டு, கடைசியாகப் பெட்ரோல் போட்ட ரசீது, ரிம்மும் பம்பரும் எடுத்த படங்கள், ஹோட்டல் மெயில், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ஒரு வருடம் முடியும் வரை அழிக்காதீர்கள். அந்தக் கிரெடிட் கார்டையும் அதற்குள் மூடிவிட வேண்டாம், ஸ்டேட்மென்ட்டை மாதாமாதம் ஒரு வரி விடாமல் பாருங்கள்.